செஞ்சு காட்டுங்க ஆயா!



சென்ற இதழில் மழைக்காலத்துக்குக் கருவாட்டைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு சகோதரி கடைசி வரியில், "அக்கா, கருவாடு வறுத்தாலே எங்க மாமனாருக்கு இழுப்பு வந்துடுது. ஆஸ்பத்திரியில சேர்த்து சேர்த்து அலுத்துப் போச்சு, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரி என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதையும்தான். வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட கதை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வீராம்பட்டினம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் தாண்டி, கடலை ஒட்டிய மீனவர் ஊர். என் மாமியாருக்கு வயது 68. நாற்பது வருஷம் மீன் கூடை சுமந்தவர். விடியற்காலையில் எழுந்து, சவுக்கு விறகும் தென்னை மட்டையும் வைத்து அடுப்பு மூட்டி, வீட்டுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, பட்டணத்துப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூடையோடு கிளம்பிவிடுவார். பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. வெற்றிலைகூட விசேஷத்துக்குத்தான்.

முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாயிடுச்சும்மா" என்றார். நாங்களும் நம்பினோம். அப்புறம் மார்கழிப் பனியில் இருமல், காலையில் கோழைச் சளி. பிறகு குடம் தூக்கினால் இரைப்பு. ஒரு நாள் ராத்திரி உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு, "சி.ஓ.பி.டி." என்றார் டாக்டர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

"பீடியே குடிக்காதவங்களுக்கு எப்படி டாக்டர்?" என்று கேட்டேன். "அடுப்பு குடிச்சிருக்காங்களே!" என்றார்.

நியாயம்தானே? புகை எதிலிருந்து வந்தால் என்ன? வருஷக்கணக்கில் உள்ளே போனால் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கிவிடுகின்றன. நுரையீரலில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் தளர்ந்துவிடுகின்றன. உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. பழைய காற்று வெளியே போகாததால்தான் புதுக்காற்றுக்கு இடமில்லாமல் மூச்சு முட்டுகிறது. புகை மட்டும் காரணமில்லை. காசநோய் வந்து குணமானவர்கள், தூசியில் வேலை செய்தவர்கள், கவனிக்காமல் விட்ட ஆஸ்துமாக்காரர்கள், இவர்களுக்கும் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். 2016-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இந்த சி.ஓ.பி.டி. இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். சர்க்கரை, பி.பி. என்று பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை, கவனித்தீர்களா?

எங்கள் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஊசி, ஆக்சிஜன், நெபுலைசர் என்று பார்த்து, ஐந்தாறு நாளில் நல்லபடியாக அனுப்பி வைத்தார்கள். கையில் ஒரு சீட்டு, ஒரு பை மருந்து, அதில் இரண்டு இன்ஹேலர். "ஒரு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். அந்த ஒரு மாசம் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது. நானும் கேட்கவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை ஏன் சேர்த்தோம் தெரியுமா? என் பெரிய பெண்ணைப் பெண் பார்க்க வந்த நாள் அது. கடலூர்ப் பக்கத்துச் சம்பந்தம். "இழுப்புக் குடும்பம் என்று சொல்லிவிட்டால்?" என்று எனக்குப் பயம். இன்ஹேலரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "அத்தை, அவங்க போற வரைக்கும் பின்னறையிலேயே இருங்க" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் போய்விட்டார். வீடு மணக்கட்டுமே என்று சாம்பிராணி போட்டேன். அடுப்பில் பஜ்ஜி எண்ணெய் புகைந்தது. அத்தனை புகையும் நேராகப் பின்னறைக்குத்தான் போயிருக்கிறது.

அவர் கூப்பிடவே இல்லை. பேத்தி விசேஷம் கெட்டுவிடக்கூடாது என்று வாயில் முந்தானையை வைத்து இருமலை அடக்கியிருக்கிறார். சத்தம் கேட்டு முதலில் எழுந்து ஓடியது நானல்ல சகோதரிகளே, மாப்பிள்ளையின் அம்மா! "இன்ஹேலர் எங்கே? எங்க மாமனாருக்கும் இதேதான்" என்று அவர் கேட்க, நான் பீரோ சாவியைத் தேடினேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை எழுத்தில் எழுத முடியாது. 108-க்குப் போன் செய்து, வண்டி வந்து, ஆக்சிஜனோடு கொண்டு போனோம். நல்லபடியாகத் திரும்பினார். சம்பந்தமும் கூடியது. ஆனால் உதடு நீலம் பாரித்த அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், சுகாதார நிலையத்து நர்ஸம்மா தெருவில் சர்க்கரை, பி.பி. பார்க்க வந்தார். திண்ணையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்தார். "இதை எப்படி எடுக்கிறீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க ஆயா" என்றார். மாமியார் இன்ஹேலரை வாயருகே பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். மருந்து அத்தனையும் நாக்கில்! மூச்சை இழுக்கவே இல்லை. "வாயில அடிச்சுக்கச் சொன்னாங்க, அடிச்சுக்கிறேன்" என்றார் அப்பாவியாக.

ஒரு வருஷம்! விலை கொடுத்து வாங்கிய மருந்தெல்லாம் நாக்கோடு போயிருக்கிறது. "செஞ்சு காட்டுங்க" என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. இதைப் பக்கத்து வீட்டில் சொன்னால், அந்த வீட்டுத் தாத்தா மூச்சில் உறிஞ்ச வேண்டிய பொடி மருந்து காப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்! சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

அன்றைக்கு நர்ஸம்மா கற்றுக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடவேண்டும். உதட்டை இறுக்கிப் பொருத்தி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கியதும் ஒரு அமுக்கு. இழுத்து முடித்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு விடவேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பொறுத்து. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாய் புண்ணாகும். பொடி மருந்துக்கு முறை வேறு. அதை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும்.

வயதானவர்களுக்கு அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது. அதற்குத்தான் ஸ்பேஸர் என்ற குடுவை. மருந்து அதற்குள் நிற்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். அது வாங்க வசதியில்லாத இடங்களுக்காக, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து டாக்டர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, இன்ஹேலரை இடுக்கில்லாமல் பொருத்தி, ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடைச் சரக்குக்கு இணையாக வேலை செய்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். நீங்களாகச் செய்யாமல், நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்ஹேலர் பழகினா விட முடியாது, மாத்திரையே மேல்" என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் அதைப் போல நாற்பது பங்கு! மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது, இன்ஹேலர் நேராகப் போகிறது. இன்னொன்று: உடனடி நிவாரணத்துக்கு ஒரு இன்ஹேலர், தினமும் எடுக்க ஒன்று என்று இரண்டு கொடுத்திருந்தால், "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று தினப்படி இன்ஹேலரை நிறுத்தக்கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே மூச்சிரைப்புக்காரர்கள் ஆறு பேர்! ஆறு பேரும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். எங்கள் மகளிர் குழுவில் மாதாமாதம் சேமிப்புக் கணக்குப் பார்த்து முடித்த பிறகு இதைப் பேசினோம். நாங்கள் யாரும் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் வேலை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. நாங்கள் செய்து பார்த்தவை இவை:

1. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வாரத்துக்குள் ஒருவர் போய்ப் பார்ப்பது. மருந்து இருக்கிறதா, தீர்ந்ததா, அடுத்த தேதி என்றைக்கு என்று கேட்பது. "செஞ்சு காட்டுங்க" என்று சொல்வது. தப்பாக எடுத்தால் நர்ஸம்மாவிடம் அழைத்துப் போவது.

2. புகையைக் குறைப்பது. சமையலுக்கு எல்லார் வீட்டிலும் காஸ் வந்துவிட்டது. ஆனால் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதானே? அதை வீட்டுக்குப் பின்னால், காற்று எதிர்ப்பக்கம் போகிற இடத்தில் வைத்துக்கொண்டோம். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி சொல்கிறது! பீடியை விட நினைக்கும் ஆண்களுக்கு 1800-112-356 என்று இலவச எண் இருக்கிறது. பேசி உதவுவார்கள்.

3. நடக்க வைப்பது. இதுதான் பெரிய விஷயம். மூச்சு வாங்குமே என்று பயந்து நடக்காமல் இருந்தால் கால் தசை இளைக்கிறது. இளைத்த கால் இன்னும் அதிகக் காற்றைக் கேட்கிறது. மூச்சு இன்னும் வாங்குகிறது. இந்தச் சுற்றை உடைக்கத்தான் பல நாடுகளில் 6 முதல் 8 வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று கொடுக்கிறார்கள். நடை, கைகால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி எல்லாம் சேர்ந்தது அது. நாங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு திண்ணைக் கணக்கில் தொடங்கினோம். முதல் வாரம் மூணாம் வீட்டுத் திண்ணை வரைக்கும். அங்கே உட்கார ஒரு ஸ்டூல், பேச ஒரு ஆள். அடுத்த வாரம் ஐந்தாம் வீடு. துணைக்கு ஆள் இருந்தால் பயம் பாதி போய்விடுகிறது.

4. மூச்சு முட்டும்போது என்ன செய்வது என்று வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்வது. நாம் என்ன செய்வோம்? படுக்க வைப்போம், சுற்றி நின்றுகொள்வோம், தண்ணீர் கொடுப்போம். மூன்றும் தப்பு! உட்கார வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலிலோ தலையணையிலோ ஊன்றச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து கூட்டத்தை விலக்குங்கள். மூக்கால் இரண்டு எண்ணிக்கை இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணிக்கை விடச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள்.

5. அபாயம் தெரிந்துகொள்வது. சளி அதிகமாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், வழக்கத்தைவிட இரைப்பு கூடினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலமானால், குழப்பமாகப் பேசினால், தூங்கி வழிந்தால், தயங்காமல் 108.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் தெருவில் ஒரு மருமகள், பாசத்தில், "கொஞ்சம் கூட்டி வைச்சா நல்லதுதானே" என்று திருகிவிட்டாள். அப்படிச் செய்யவே கூடாது. சி.ஓ.பி.டி.காரர்கள் பலருக்கு விரல் மாட்டிக் கருவியில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் டாக்டர்கள் வைக்கிறார்கள். அளவுக்கு மீறினால் கரியமில வாயு உடம்பில் தங்கி மயக்கம் வரலாம். அந்த மெஷின் பக்கத்தில் அடுப்பு, பீடி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. நெருப்பு பிடித்துக்கொள்ளும். மெஷின் எழுதிக்கொடுத்தால் சிலருக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டியிருக்கும். ஆகவே மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தெருவே செய்துவிட முடியாது. பக்கத்துக் கேரளத்தில், 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில், 'ஸ்வாஸ்' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் இன்ஹேலர் சிகிச்சையும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நமக்குக் கோரிமேட்டில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. ஆனால் மூச்சு வாங்குகிறவர் வீராம்பட்டினத்திலிருந்து கோரிமேட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவார்? சர்க்கரைக்காக வீடு தேடி வருகிறவர்கள் மூச்சுக்காகவும் ஒரு கேள்வி கேட்டால் என்ன? எங்கள் குழு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு சுகாதார நிலையத்தில் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊரிலும் கேளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் ஓய்வு வேண்டும். ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறவளுக்கு, "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வது பெரிய மருந்து. அப்படி எனக்குச் சொன்னவர்களை நான் மறக்க மாட்டேன்.

மாமியாருக்கு நோய் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் அந்தப் பெண் பார்த்த நாளுக்குப் பிறகு இதுவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த வருஷம் ஆடி மாசம் எங்கள் செங்கழுநீரம்மன் தேர். கவர்னரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிற தேர் ஆச்சே! இரண்டு வருஷமாக மேளச் சத்தத்தை மட்டும் படுக்கையிலிருந்து கேட்டவர், "நான் வர்றேண்டி" என்றார். வெடிப்புகையும் கற்பூரப்புகையும் வராத பக்கமாக, தெருமுனையில் நாற்காலி போட்டோம். வீட்டிலிருந்து அங்கே போக மூன்று திண்ணையில் உட்கார்ந்தார். தேர் திரும்பியதும் எழுந்து நின்று, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுவிட்டு, கும்பிட்டார். இன்ஹேலர் மடியில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

கருவாடு கேட்ட சகோதரிக்கு: மாமனார் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வறுவலைவிடக் குழம்பு நல்லது, எண்ணெய்ப் புகை குறையும். அதைவிட முக்கியம், இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, இன்ஹேலரை எப்படி எடுக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அடுத்த கடிதத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.